விக்கெட்டுக்கு ஒரு மணி

தைரியராஜ் என்று பெயர் வைத்துவிட்டால் தைரியம் வந்துவிடுமா என்ன? பாலக்கரையில் மெழுகுவத்திக் கடைகள் இருந்த சந்துக்குள் ஒரு சின்ன செபஸ்தியார் கோயில். அதன் கோயில்பிள்ளை தைரியராஜோ பங்குச்சாமியார் தொண்டையைக் கனைத்தாலே தூணுக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவார். கோயில்பிள்ளை என்றதும் சின்னப் பையன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நாற்பத்தைந்து வயது ஆள், முன்வழுக்கை வேறு. விடியுமுன் கோயில் கதவைத் திறப்பது, பூசைக்கு வேண்டியதை எடுத்து வைப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, பெருக்குவது, சாவென்றால் குழி வெட்ட ஆள் சொல்லி அனுப்புவது, எல்லாவற்றுக்கும் மேலாக மணி அடிப்பது. இதுதான் அவருடைய உத்தியோகம்.

அந்த மணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். காலை ஆறு, மத்தியானம் பன்னிரண்டு, சாயங்காலம் ஆறு என்று மூன்று வேளையும் திரிகால செப மணி. மும்மூன்றாக மூன்று தடவை அடித்து, சற்று விட்டு, கடைசியில் ஒன்பது அடி ஒரே ஓட்டமாக ஓடி நிற்கும். திருநாளென்றால் நிற்காமல் அடிக்கிற சந்தோஷ மணி. யாராவது இறந்துபோனால் துக்க மணி. ஆணுக்கு மும்மூன்று, பெண்ணுக்கு இரண்டிரண்டு, ஒவ்வோர் அடிக்கும் நடுவே ஒரு நீண்ட மூச்சு. துக்க மணி கேட்டால் சந்திலுள்ள பெண்கள் அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு முக்காட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். யார் செத்தது என்று கேட்பதெல்லாம் கோயில் வாசலுக்கு வந்த பிறகுதான். வேலிச் சண்டை போட்டுப் பத்து வருஷமாக முகம் பார்க்காதவர்கள்கூட, மணி கேட்டால் போய்த் தலைமாட்டில் நிற்க வேண்டும். அப்படி ஒரு வழக்கம். அந்த மணி சொன்னால் சொன்னதுதான்.

இப்படிப்பட்ட மணிக்காரருக்கும் கிரிக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், அதற்குக் காரணம் அற்புதசாமி. பொன்மலை ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ரிடையரானவர். கோயில் மணிக்கூண்டுக்கு நேர் பின்னால் அவர் வீடு. மனுஷருக்குக் கிரிக்கெட் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். எழுபத்தொன்றில் நம் டீம் வெஸ்ட் இண்டீஸுக்கும் இங்கிலாந்துக்கும் போய் இரண்டு இடத்திலும் ஜெயித்து வந்ததே, அந்த வருஷம் கோயில் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த தைரியராஜைக் கைதட்டிக் கூப்பிட்டு, "வாய்யா தைரியம், இங்க வந்து உக்காரு, சரித்திரம் நடக்குது, நீ என்னடான்னா குப்பை அள்ளிக்கிட்டு இருக்க" என்று ரேடியோ முன்னால் உட்கார வைத்தவர் அவர்தான். தைரியராஜுக்கு இங்கிலீஷ் சுத்தமாக வராது. அற்புதசாமி காதை ரேடியோவில் வைத்துக் கேட்டுக் கேட்டுத் தமிழில் சொல்லுவார். நாளாக நாளாக 'அவுட்', 'ஃபோர்', 'விக்கெட்', எண்கள் எல்லாம் தைரியராஜுக்கும் பிடிபட்டுவிட்டன. கூட்டம் போடுகிற இரைச்சலை வைத்தே யாருக்குச் சந்தோஷம், யாருக்கு வயிற்றெரிச்சல் என்று கண்டுபிடித்துவிடுவார்.

எழுபத்துநாலில் இங்கிலாந்தில் நாற்பத்திரண்டு ரன்னுக்கு நம்மாட்கள் மொத்தப் பேரும் சுருண்டபோது, அற்புதசாமி சாப்பிட மறுத்து ஈஸிசேரில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். அவர் மனைவி வியாகுலம்மாள் பயந்துபோய், "என்ன தம்பி, ஆபீஸ்ல யாராச்சும் போயிட்டாங்களா?" என்று தைரியராஜிடம் கேட்டாள். "பதினோரு பேரும் போயிட்டாங்க அண்ணி" என்றார் இவர். அந்த அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். அவளுக்குக் கிரிக்கெட்டும் தெரியாது, கேலியும் தெரியாது. தெரிந்ததெல்லாம் செபமாலையும் புருஷனும்தான். புருஷனோ செபமாலையைத் தொடுகிறவர் இல்லை. அது அவளுக்குத் தீராத குறை.

எழுபத்தொன்பதில் இங்கிலாந்து டூரின் கடைசி டெஸ்ட். மலை மாதிரி ரன் எடுக்க வேண்டும், எடுத்தும் விடுவோம் போலிருந்து, கடைசியில் கைநழுவிப் போன ஆட்டம். ரேடியோவைக் கட்டிக்கொண்டிருந்த அற்புதசாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து எழுந்தவரைத் தைரியராஜும் வியாகுலம்மாளும் பஸ்ஸில் ஏற்றி ஸ்ரீரங்கம் கூட்டிப்போனார்கள். கீழச் சித்திரை வீதியில் வைத்தியம் பார்த்த டாக்டர் ஒருவர் அற்புதசாமிக்கு ரொம்ப நாள் பழக்கம்.

"ஓய், ஒம்ம மாதாவும் எங்க ரங்கநாதனும் சேர்ந்து இந்தத் தடவை ஒம்மைக் காப்பாத்திட்டா. அடுத்த தடவை என்ன பண்ணுவாளோ தெரியாது. கமெண்ட்ரின்னு ஒரு சப்தம் ஒம்ம காதுல விழப்படாது" என்றார் டாக்டர். பிறகு வியாகுலம்மாளைப் பார்த்து, "அம்மா, அந்த ரேடியோ அகத்துல இருக்கவே படாது" என்றும் சொன்னார்.

வியாகுலம்மாள் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அந்த டிரான்சிஸ்டரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கோயிலுக்கு வந்தாள். "தம்பி, இதை நீங்க வச்சுக்கங்க. வெளியில குடுத்தா எப்படியாச்சும் வாங்கிடுவாரு. உங்ககிட்ட இருந்தா கோயில்ல இருக்கிற மாதிரி" என்று அவர் கையில் வைத்தாள். தைரியராஜும், "கவலையே படாதீங்க அண்ணி" என்று வாங்கிக்கொண்டார். அப்போது அதை மனசாரத்தான் சொன்னார்.

அடுத்த வருஷம் அற்புதசாமிக்கு உடம்பு இன்னும் தளர்ந்துவிட்டது. ஜன்னலோரக் கட்டில்தான் உலகம். அந்த வருஷக் கடைசியில் நம் டீம் ஆஸ்திரேலியாவுக்குப் போயிற்று. அந்த டூரில் டெஸ்டும் உண்டு, ஒருநாள் ஆட்டமும் உண்டு, மாற்றி மாற்றி வரும். ஒருநாள் ஆட்டத்துக்கு வெள்ளை உடுப்பைக் கழற்றிவிட்டுக் கலர் சட்டை, வெள்ளைப் பந்து, சில ஊரில் விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம். பேப்பரில் அதைப் பார்த்த அற்புதசாமி, "இது ஆட்டமாய்யா? சர்க்கஸு! புலி ஒண்ணுதான் பாக்கி" என்று உதட்டைப் பிதுக்கினார். ஆனால் டெஸ்ட் தொடங்கப் போகிறது என்றதும் கண் நனைந்துவிட்டது. வியாகுலம்மாள் காப்பி போட அடுப்படிக்குப் போன நேரம் பார்த்துத் தைரியராஜின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தைரியம், கமெண்ட்ரி கேக்கக் கூடாதுன்னுதானே சொன்னாங்க? ஸ்கோர் தெரிஞ்சுக்கக் கூடாதுன்னு சொல்லலையே?"

"அண்ணே, அண்ணிக்குத் தெரிஞ்சா என்னை நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேப்பாங்க."

"அவளுக்கு எப்படித் தெரியும்? நீ மணிதானே அடிக்கப் போற. கடைசி ஒன்பது அடி ஓட்டமா ஓடுதுல்ல, அதோட சேர்த்து நம்மாளுங்க விக்கெட் எத்தனை போச்சோ அத்தனை கூட அடி. ஒரு பய கண்டுபிடிக்க மாட்டான். நான் எண்ணிக்கிறேன்."

மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சாகப்போகிற மனுஷன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுகிறபோது, இல்லை என்று சொல்லத் தைரியம் வேண்டுமே! அதுதான் இவரிடம் பெயரில் மட்டும் இருக்கிறதே.

ஆஸ்திரேலியாவில் டெஸ்ட் ஆரம்பிக்கும்போது நமக்கு விடிந்தும் விடியாத நேரம். பூசை உடுப்புகள் வைக்கும் அலமாரிக்குள் டிரான்சிஸ்டரை வைத்து, கதவை ஒரு விரல் திறந்து, அதில் காதைக் கொடுத்துக் கேட்பார் தைரியராஜ். மத்தியான மணிக்குள் அன்றைய ஆட்டம் அநேகமாக முடிந்திருக்கும். ஒன்பதுக்குப் பின்னால் விழுந்த விக்கெட்டுக்குத் தக்கபடி கூட அடிப்பார். ஓட்டத்தோடு ஓட்டமாகப் போய்விடும். சந்தில் யாரும் எண்ணவில்லை. அவரவர் பாட்டுக்குக் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு போனார்கள். பின்வீட்டு ஜன்னலில் மட்டும் போர்வைக்கு மேலே ஒரு கை, விரல் விரலாக மடங்கும்.

முதல் டெஸ்டில் நம்மவர்கள் மூன்றே நாளில் மண்ணைக் கவ்வினார்கள். அற்புதசாமிக்கு மனசே ஆறவில்லை. அடுத்து ஒருநாள் ஆட்டம் என்றதும், சர்க்கஸ் என்று சொன்ன வாயாலேயே, "அதுலயாச்சும் ஜெயிக்கிறானுங்களான்னு பாப்போம்யா" என்றார். அத்தோடு விட்டாரா? "இது ஒரே நாள்ல முடிஞ்சிடுற ஆட்டம். மத்தியானம் வரைக்கும் நான் எப்படிக் காத்துக்கிட்டு கிடக்கிறது? விக்கெட் விழுந்தா விழுந்த உடனே ஒரு அடி அடிச்சிடு. ஒரே ஒரு அடி. காக்கா வந்து கயித்துல உக்காந்துச்சுன்னு நினைச்சுக்குவாங்க" என்றார்.

இந்த இடத்தில்தான் இரண்டு பேரும் மோசம் போனார்கள். இருவரும் டெஸ்ட் கேட்டே பழகியவர்கள். ஒரு விக்கெட் விழுந்தால் அடுத்தது விழ ஒரு மணி நேரமாவது ஆகும் என்பது அவர்கள் ரத்தத்தில் ஊறிய கணக்கு. அவசரத்துக்குப் பிறந்த இந்த ஒருநாள் ஆட்டத்தில் ஆட்கள் எப்படி விழுவார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியாது.

அன்றைக்குக் காலைப் பலகாரம் முடிந்து சந்து சுறுசுறுப்பாக இருந்த நேரம். பங்குச்சாமியார் வெளியூர் போயிருந்தார். தைரியராஜ் டிரான்சிஸ்டரைத் துணிந்து மணிக்கூண்டுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்துக்கொண்டு, ஒரு கையில் கயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். முதல் விக்கெட் விழுந்தது. ஒரு அடி. தெருவில் ஒன்றிரண்டு பேர் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. பிறகு என்ன கேடு வந்ததோ, சீட்டுக்கட்டுச் சரிகிற மாதிரி நம்மவர்கள் சரிய ஆரம்பித்தார்கள். ஒருவன் அவுட். அடித்தார். மூச்சு விடுவதற்குள் அடுத்தவன் அவுட். அடித்தார். "அடப்பாவிகளா!" என்று தலையில் அடித்துக்கொண்டு மூன்றாவது அடியும் அடித்தார். அடித்த பிறகுதான் அந்தச் சத்தம் அவர் காதுக்கே உறைத்தது. நிறுத்தி நிறுத்தி, மூன்று அடி. ஆணுக்கு அடிக்கிற துக்க மணி.

வெளியே சந்து அடங்கிப்போயிற்று. மாவு மிஷின் நின்றது. டீக்கடையில் வானொலிப் பெட்டியை அணைத்தார்கள். தைரியராஜ் எழுந்து வெளியே ஓடிச் சொல்லலாமா, உள்ளேயே ஒளிந்துகொள்ளலாமா என்று தெரியாமல் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். அதற்குள் மணிக்கூண்டு வாசலில் வந்து நின்றவள் பேட்ரிசியா.

அவள் கடைசி வீட்டு மருமகள். புருஷன் பிச்சமுத்து மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன். லாரியிலிருந்து மூட்டையோடு விழுந்து மண்டையில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான். ஏதாவது ஒன்று ஆனால் கோயிலுக்குப் போன் பண்ணுங்கள் என்று அங்கே சொல்லிவைத்திருந்தார்கள். சந்தில் வேறு போன் கிடையாது. தலைக்குக் குளித்து ஈரம் காயாத கூந்தலோடு ஓடி வந்திருந்தாள். தலையில் வைத்திருந்த கனகாம்பரத்தைத் தெருவிலேயே பிய்த்து எறிந்துவிட்டு வந்திருந்தாள். இரண்டொரு பூ மட்டும் இன்னும் முடியில் சிக்கிக் கிடந்தது.

"கோயில்பிள்ளை அண்ணே... போன் வந்துச்சா? அவருதானே?"

தைரியராஜின் காலடியில் டிரான்சிஸ்டர் நிறுத்தாமல் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தது. திடீரென்று கூட்டம் ஓவென்று கத்தியது. இன்னொருவன் அவுட்.

பேட்ரிசியா அந்தப் பெட்டியைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் முக்காடு போட்ட பெண்களும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்ட ஆண்களுமாக ஜனம் கூடிவிட்டது. "யாருப்பா? யாரு போனது?" என்று பின்னாலிருந்து கேட்டார்கள்.

"யாரும் இல்லம்மா" என்றார் தைரியராஜ். குரல் அவருக்கே கேட்கவில்லை. "தெரியாம... கிரிக்கெட்டு கேட்டுக்கிட்டே... கை தெரியாம இழுத்துருச்சு."

பேட்ரிசியாவின் மாமியார்தான் முதலில் வாயைத் திறந்தாள். "நீயெல்லாம் மனுசனா? உயிரோட இருக்கிற புருசனுக்குப் பூவைப் பிச்சுப் போட வச்சிட்டியே, பாவி! உன் கை வெளங்குமா?" என்று மண்ணை வாரித் தூற்றினாள். பேட்ரிசியா அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல், போகிற வழியில் கிடந்த பூவைக் குனிந்து பொறுக்கிக்கொண்டு போனாள். நாலு அறை அறைந்திருந்தால்கூடத் தைரியராஜுக்கு அத்தனை வலித்திருக்காது.

ஊரிலிருந்து திரும்பிய பங்குச்சாமியார் வேலையை விட்டு நீக்கவில்லை. அதற்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் பீடத்துக்கு முன்னால் வந்து நின்று மன்னிப்புக் கேட்கச் சொன்னார். தைரியராஜ் நின்றார். சபை முழுக்க அவரைப் பார்த்தது. அவருடைய மனைவி ரோசம்மாள் மட்டும் மடியில் இருந்த செபப்புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கை தெரியாம அடிச்சிட்டேன், மன்னிச்சிடுங்க" என்றார். பெண்கள் பக்கம் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். அற்புதசாமி பெயரை அவர் எடுக்கவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் ரோசம்மாள், "கை தெரியாம மூணு தடவை இழுக்குமா? யாருக்காக நீங்க இப்படி அவமானப்படுறீங்கன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க" என்றாள்.

அற்புதசாமிக்கு மட்டும் நடந்ததெல்லாம் தெரிந்திருந்தது. அடுத்த முறை தைரியராஜ் போனபோது சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். "என் பேராசைதான்யா உன்னை அங்க கொண்டுபோய் நிறுத்திருச்சு. போய்ச் சொல்லிடு, அற்புதசாமி சொல்லித்தான் செஞ்சேன்னு" என்றார். "பேசாம படுங்கண்ணே, நெஞ்சு வலிக்கப் போவுது" என்று இவர் போர்வையை இழுத்து விட்டுவிட்டு வந்தார். அன்றிலிருந்து ஒன்பதுக்கு மேல் ஒரு அடி கிடையாது.

பிச்சமுத்து பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டான். ஆனால் சந்து சும்மா விடுமா? டீக்கடையில் உட்கார்ந்திருந்த வாலிபப் பயல்களுக்குக் கொண்டாட்டமாகப் போயிற்று. காலை மணி அடித்தால், "யாருடா அவுட்டு?" மத்தியான மணி அடித்தால், "லன்ச்சு விட்டாச்சு டோய்!" பூசை மணிக்கு, "அம்பயர் வந்துட்டாரு!" தைரியராஜ் தெருவில் போனால் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்கள். பெரியவர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். அத்தனை வருஷமாக அந்தச் சந்து நம்பிய மணி கேலிப்பொருளாகிவிட்டதை அவர் தினமும் மூன்று வேளையும் தன் காதாலேயே கேட்டார். கயிற்றைத் தொடும்போதெல்லாம் கை கூசியது.

பிப்ரவரியில் கடைசி டெஸ்ட், மெல்பர்னில். நான்காம் நாள் முடிவில் ஆஸ்திரேலியாவுக்குக் கொஞ்ச ரன்தான் வேண்டியிருந்தது. ஆனால் அன்றைக்கே மூன்று விக்கெட்டைத் தட்டிவிட்டார்கள் நம்மவர்கள். ஜெயித்தாலும் ஜெயிக்கலாம்! டீக்கடையில் ஒரே பேச்சாக இருந்தது. தைரியராஜ் அன்று மாலை அற்புதசாமியைப் பார்க்கப் போனார். அவர் கண் இவர் முகத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்கிற கண். வியாகுலம்மாளோ கட்டிலை விட்டு அசையவில்லை, கால் பிடித்துவிட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். "வரேண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். காலையில் வந்து எப்படியாவது காதில் போட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டார்.

விடிந்து காலைப் பூசை நடந்துகொண்டிருந்தது. வியாகுலம்மாள் பக்கவாட்டுக் கதவு வழியாக வந்து நின்றாள். தலைமுடி அவிழ்ந்திருந்தது. "தம்பி" என்றாள். அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பூசை முடிந்ததும் தைரியராஜ் கயிற்றைப் பிடித்தார். கண் மறைத்தது. முதல் அடி அடித்தார்.

டீக்கடைப் பக்கமிருந்து ஒரு விசில் கிளம்பியது. "போச்சு டோய்! நாலாவது விக்கெட்!"

இரண்டாவது அடி. கைதட்டல். "அஞ்சு!" மூன்றாவது அடிக்கு யாரோ தகரத்தைத் தட்டினார்கள். ரேடியோவிலும் அந்த நேரத்தில் நிஜமாகவே ஆஸ்திரேலியர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள், அந்தப் பயல்களை என்ன சொல்ல? மணிக்கு மணி விசில் அடித்தார்கள். நிறுத்த முடியுமா? துக்க மணியைப் பாதியில் நிறுத்தக் கூடாது. சினேகிதனுக்கு அடிக்க வேண்டிய அத்தனை அடியையும், தெரு அத்தனையும் ஆரவாரம் பண்ணப் பண்ண, தைரியராஜ் அழுதுகொண்டே அடித்து முடித்தார். பிறகு வாசலுக்கு வந்து பார்த்தார். முக்காடு போட்ட ஒரு தலையும் சந்தில் காணவில்லை.

அற்புதசாமி வீட்டுக்குப் போனார். பூசை வைத்த சாமியாரும் இரண்டு கிழவிகளும் தவிர யாரும் இல்லை. "மணி அடிச்சீங்கதானே தம்பி?" என்று வியாகுலம்மாள் கேட்டாள். "எனக்குக் கேட்டுச்சே. ஏன் ஒருத்தரும் வரலை? அவரு யாருக்கும் ஒரு கெடுதல் நினைச்சதில்லையே. பகையாளி வீட்டுக்குக்கூட வருவாங்களே."

புருஷன் கட்டிலை விட்டு நகராத அவளுக்குத் தெருக் கேலியெல்லாம் எட்டியிருக்கவில்லை. தைரியராஜ் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். பூமி பிளந்து விழுங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது. வாசலில் நிழல் ஆடியது. பேட்ரிசியா. தலையில் பூ இல்லாமல், முக்காடு போட்டுக்கொண்டு, கையில் செபமாலையோடு வந்தாள். நேரே போய் வியாகுலம்மாளைக் கட்டிக்கொண்டாள். திரும்பும்போது தைரியராஜைப் பார்த்தாள். அன்றைக்கு மணிக்கூண்டில் பார்க்காத முகத்தை இப்போதுதான் பார்த்தாள்.

"நான் விக்கெட்டுன்னு நினைக்கலண்ணே" என்றாள் தாழ்ந்த குரலில். "மணி அடிச்சா வரணும்ல."

அதைக் கேட்டுத்தான் தைரியராஜுக்குக் கால் அசைந்தது. வெளியே இறங்கினார். சந்தின் முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு வாசலிலும் போய் நின்றார். "யாரு அவுட்டுண்ணே?" என்று சிரித்துக்கொண்டே வந்தவர்களிடம், துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "அற்புதசாமி அண்ணன் தவறிட்டாரு. மணி நிஜம். பொய்யா அடிச்சவன் நான், அதுக்காக அவரை விட்டுறாதீங்க" என்றார். டீக்கடைக்கும் போனார். நம்மாட்கள் ஜெயித்துவிட்ட குதியாட்டத்தில் இருந்த பயல்கள் அவர் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றார்கள். விசில் அடித்தவன் வாயிலிருந்து விரலை எடுத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினான். மத்தியானத்துக்குள் சந்து முழுக்க அந்த வீட்டில் இருந்தது. பாடையை அந்தப் பயல்கள்தான் தூக்கினார்கள்.

ஸ்ரீரங்கத்து டாக்டரும் வந்திருந்தார். "ஆட்டத்தால ஒண்ணும் ஆகலை. இருதயம் எப்பவோ முடிஞ்சுபோயிருந்தது" என்று தைரியராஜின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அது அவருக்கு ஆறுதலாக இல்லை.

எல்லாம் ஓய்ந்து சில நாள் கழித்து, மத்தியான மணிக்குச் சற்று முன்னால் வியாகுலம்மாள் மணிக்கூண்டுக்கு வந்தாள். ரேடியோவைக் கேட்கத்தான் வருகிறாள், யாருக்காக மணி அடித்தோம் என்பதெல்லாம் தெரிந்துபோயிற்று என்று தைரியராஜ் நினைத்துக்கொண்டார். துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து நீட்டினார்.

"அது உங்ககிட்டயே இருக்கட்டும் தம்பி. நான் வேற ஒண்ணு கேக்க வந்தேன்" என்றாள். "புது வருசம் பொறந்ததும் ஒரு மூணு நாலு நாள், மத்தியான மணிக்கு ஒன்பதுக்கு மேல கூடுதலா அடிச்சீங்கல்ல? ஊருல யாரும் கவனிக்கலை. நான் கவனிச்சேன். அந்த அடியைக் கேட்டா அவரு ஒவ்வொரு விரலா மடக்கி வாய்க்குள்ள ஏதோ சொல்லுவாரு. கல்யாணமாகி இத்தனை வருசத்துல அவரு செபம் சொல்லி நான் பாத்ததே இல்லை. மாதாவே, இந்த மனுசன் மனசைத் திருப்பிட்டியேன்னு நான் அடுப்படியில நின்னு அழுவேன். எங்க வீட்டுக்காரருக்காகத்தானே கூட அடிச்சீங்க?"

தைரியராஜ் கையிலிருந்த துணிப் பொட்டலத்தைத் திரும்ப மடித்து வைத்தார். சொல்லிவிடலாம். சொன்னால் அந்த அம்மாளிடம் மிச்சமிருக்கிற ஒன்றையும் பிடுங்கிக்கொள்வதாகும். சொல்லாவிட்டால் அவள் கும்பிடுவதை வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். இரண்டில் எது பெரிய பாவம் என்று சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில்கூடக் கேட்க அவருக்கு வாய் வராது.

"ஆமாண்ணி" என்றார். "அண்ணனுக்காகத்தான்."

"அப்புறம் ஏன் தம்பி நிறுத்திட்டீங்க? கடைசி ஒரு மாசம் விரலை நீட்டி வச்சுக்கிட்டுக் காத்துக்கிட்டே இருப்பாரு. ஒன்பதோட நின்னுடும். முகம் அப்படியே வாடிப்போயிடும். போற அன்னிக்கு முந்தின சாயங்கால மணிக்குக்கூட விரலை நீட்டி வச்சுக்கிட்டுத்தான் இருந்தாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் அடிங்க. அவருக்குப் பதிலா நான் சொல்றேன்."

பன்னிரண்டு ஆகிவிட்டது. தைரியராஜ் மும்மூன்றாக அடித்தார். ஒன்பதும் ஓடி நின்றது. வியாகுலம்மாள் விரல்களை நீட்டிக் கண்ணை மூடிக் காத்திருந்தாள். டீக்கடைப் பக்கம் சத்தமே இல்லை. அவர் இன்னும் ஒரே ஒரு அடி அடித்தார். அவள் ஒரு விரலை மடக்கினாள், உதடு அசைந்தது.

"போதும் தம்பி, நல்லா இருப்பீங்க" என்று கைகூப்பிவிட்டுப் போனாள். தைரியராஜ் அவளைத் திரும்பிப் பார்க்க முடியாமல், கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தே நின்றார்.